கோட்டைக்குப் போயிட்டு வர்றேன்

மஸ்கட் வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை. பழைய துறைமுகத்துக்குக் கூட்டிப்போன நண்பர், ஜலாலி கோட்டையைக் காட்டி, "1580கள்ல போர்த்துக்கீசியர் கட்டினது. 1970கள் வரைக்கும் ஜெயிலா இருந்துச்சு" என்றார்.

"எங்க ஊர்ப்பக்கமும் இப்படி ஒரு கோட்டை இருக்குதுங்க. அதுக்குள்ளயும் ஜெயில்தான் இருந்துச்சு" என்றேன்.

"ஊர் கஞ்சிக்கோடுங்கறீங்க. நீங்க தமிழா, மலையாளியா?"

கஞ்சிக்கோட்டுக்காரன் எங்கே போனாலும் இந்தக் கேள்வி பின்னாலேயே வரும். ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் கோட்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம், பாலக்காடு கோட்டை. மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நீண்டு கிடக்கிறது. அதில் சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல், பாலக்காட்டுக் கணவாய். பீரங்கியும் மாட்டுவண்டியுமாகப் போகிற படை கோயம்புத்தூரிலிருந்து மலபாருக்கு மலையேறாமல் போக வேண்டுமானால் இதுதான் வழி. 1757-ல் சாமூதிரிக்கு எதிராகப் பாலக்காட்டு ராஜா மைசூரிடம் உதவி கேட்டார். உதவிக்குப் படை அனுப்பிய ஹைதர் அலி, 1766-ல் வாசலுக்குப் பூட்டே போட்டுவிட்டார். அந்தப் பூட்டுதான் கோட்டை. கட்டியது அப்பா, ஊர் சொல்வதோ மகன் பெயரை: திப்பு கோட்டை.

பூட்டு கைமாறிய கணக்கையும் பாருங்கள் (பேங்க் புத்தி, கடைசியில் கணக்கில்தான் வந்து நிற்கும்). 1768-ல் கர்னல் வுட் பிடித்தார். சில மாதத்தில் ஹைதர் மீட்டார். 1783-ல் கர்னல் ஃபுல்லர்ட்டன் 11 நாள் முற்றுகையிட்டுப் பிடித்தார். அடுத்த வருடமே கைவிட்டார்கள். 1790-ல் கர்னல் ஸ்டூவர்ட் பிடித்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு எதிரான போரில் அதுவே கம்பெனிப் படைக்குத் தளமானது. 1792 உடன்படிக்கையோடு மலபாரும் கம்பெனி வசமானது.

அப்புறம்? சிப்பாய்கள் போனார்கள், 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கோட்டைக்குள் தாலுகா ஆபீஸ் வந்தது. யானையும் குதிரையும் கட்டியிருந்ததாகச் சொல்லும் கோட்டை மைதானத்தில் கிரிக்கெட், பொருட்காட்சி, கட்சிக் கூட்டம். எங்கள் தாத்தா "கோட்டைக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் நிலத்துக்காக மனு கொடுக்கப் போகிறார் என்று அர்த்தம். அவருக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. மனு எழுத ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போவார். மற்றவர்கள் பீரங்கிக்குப் பயந்த கோட்டையில் தாத்தா பயந்தது காகிதத்துக்கு.

படை நடந்த வழியில் 1862-ல் ரயில் வந்தது. 1956 வரை கோயம்புத்தூரும் பாலக்காடும் ஒரே மாகாணம். பிறகு வாளையாறில் எல்லை விழுந்தது. கோடு போட்டார்களே தவிர வழியை யாரும் அடைக்கவில்லை. துணி, காய்கறி, கல்யாண சம்பந்தம் எல்லாம் போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2010-ல் கஞ்சிக்கோட்டிலேயே பி.இ.எம்.எல். தொழிற்சாலை, ராணுவ லாரிகளுக்கான பாகங்கள் செய்ய. அந்த வழியில் ராணுவம் இன்னொரு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் மகனின் ஸ்கூல் ஃபாரத்தில் 'தாய்மொழி' என்றொரு கட்டம். "அப்பா, என்ன போடட்டும்?" என்றான். "தமிழ்னு போடு" என்றேன். "அப்போ ஊர் கேரளான்னு போட்டா தப்பில்லையா?"

தப்பில்லைடா. வாசல்படியில் குடியிருக்கிறவனிடம் உள்ளேயா வெளியேயா என்று கேட்டால் என்ன சொல்வான்? அடுத்த லீவில் அவனைக் கோட்டைக்குக் கூட்டிப்போக வேண்டும். தாத்தா மாதிரி மனுவோடு அல்ல, சும்மா.