பெயர் மட்டும் நம்முடையது

மாமல்லபுரம் போகும் வழியில் பழம்பொருள் கடைகளுக்குள் ஏறி இறங்கியிருப்பீர்கள். மேசைமேல் வைக்கும் கறுப்பு எழுதுபெட்டி ஒன்றைக் காட்டி, "பிரெஞ்சுக்காரன் காலத்துது சார், கோரமண்டல் வேலை, நம்ம ஊர்ச் சரக்கு" என்று கடைக்காரர் சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள்.

கோரமண்டல் நம் சோழமண்டலக் கரைதான். வேலையோ சீனாவுடையது. பலகைமேல் மண் கலந்த அடிப்பூச்சு, அதன்மேல் அடுக்கடுக்காக அரக்கு. (நம் அரக்கு பூச்சி தருவது, அவர்களுடையது மரப்பால்.) காய்ந்ததும் சித்திரத்தைக் குடைந்தெடுத்து, பள்ளத்தில் வண்ணம் தீட்டுவார்கள். இப்படிச் செய்த மடக்குத் தட்டிகள், பெரும்பாலும் 12 பலகை கொண்டவை, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நம் கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பா போயின. கப்பல் மாறிய இடத்தின் பெயரே சரக்குக்கு ஒட்டிக்கொண்டது. ஷனேல் கம்பெனி விற்கும் வாசனைத் திரவியத்துக்கும் அதே பெயர்!

பாரிஸ் தச்சர்கள் அந்தத் தட்டிகளை அறுத்தார்கள். இருபுறமும் அரக்கு பூசிய பலகையை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, பின்பக்க மரத்தை இழைத்து இழைத்து மெல்லிய தகடாக்கி, புதுச் சட்டத்தின்மேல் வச்சிரம் போட்டு ஒட்டினார்கள். கொஞ்சம் கை தவறினாலும் அரக்கு உதிர்ந்துவிடும். ஒட்டின விளிம்பை மறைக்கத் தங்கமுலாம் பூசிய வெண்கலப் பட்டை. அரண்மனைத் தோட்டக் காட்சி ஒன்று பாதியில் வெட்டுப்பட்டு நின்றாலும் அவர்கள் கவலைப்படவில்லை. எனக்கு அது மனம் ஒப்பவில்லை.

இந்த வேலையில் பேர்போனவர் பெர்னார்ட் வான் ரீசன்பர்க். தன் சாமான்களில் 'பி.வி.ஆர்.பி.' என்று முத்திரை மட்டும் குத்துவார். அது யார் என்று 1957இல்தான் கண்டுபிடித்தார்கள். அவர் பெயராவது கிடைத்தது. சித்திரம் குடைந்த சீனக் கைகளுக்குப் பெயரே இல்லை.

அவர் பாரிஸில் தொழில் செய்துகொண்டிருந்த காலத்தில்தான், 1750இல், நம் கடப்பாக்கம் பக்கத்து ஆலம்பரைக் கோட்டை பிரெஞ்சுக்காரரான டூப்ளேயின் கைக்கு வந்தது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மிச்சச் சுவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம்.

கடைக்காரர் காட்டும் பெட்டிக்கு வருவோம். விரல் நுனியால் லேசாகத் தடவுங்கள். சித்திரம் பள்ளமாகத் தட்டுப்பட வேண்டும். வழவழவென்று ஒரே மட்டமாக இருந்தால் அது வெறும் பெயின்ட் வேலை. அதற்கேற்ற விலை பேசுங்கள். வீட்டிலேயே அப்படிப் பள்ளம் விழுந்த பழைய பெட்டி இருந்தால் ஈரத்துணி, பாலிஷ் இரண்டும் வேண்டாம். மெத்தென்ற தூரிகையால் தூசி தட்டினால் போதும். வெயில் விழும் பால்கனிப் பக்கம் வைக்காதீர்கள்.