இரும்பு முகமூடியும் எங்கள் ஊர் சின்னப்பாவும்

போன வாரம் புதுக்குளத்துக் கரையில் காலை நடை முடிந்து உட்கார்ந்திருந்தபோது ஒரு வாக்குவாதம். பழைய படங்களைத் திரும்ப எடுக்கலாமா, கூடாதா? ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "சாமி சிலையைத் திரும்பச் செதுக்குவானா எவனாவது? அது மாதிரிதான்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். நாலைந்து தலைகள் ஆடின. என் தலை ஆடவில்லை. ஆனால் உடனே பதில் சொல்லவும் வரவில்லை. ஆயுள் முழுக்கக் கோப்பில் குறிப்பெழுதிப் பழகியவனுக்கு வாயால் வாதாட வராது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம். புதுக்கோட்டை உலகநாதன் பிள்ளை சின்னப்பா, அதாவது பி.யூ.சின்னப்பா, நம்ம ஊர்க்காரர். 1940இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் எடுத்த 'உத்தம புத்திர'னில் இரட்டை வேடம் போட்டார். தமிழ்ப் படத்தில் ஒரே நடிகர் இரண்டு பேராக வந்தது அதில்தான் முதல் என்பார்கள். கதாநாயகி எம்.வி.ராஜம்மா. பதினெட்டு வருடம் கழித்து, 1958இல், வீனஸ் பிக்சர்ஸார் அதே பெயரில் அதே கதையைத் திரும்ப எடுத்தார்கள். டி.பிரகாஷ்ராவ் இயக்கம், ஸ்ரீதர் வசனம், ஜி.ராமநாதன் இசை. சிவாஜி கணேசன் பார்த்திபனாகவும் விக்கிரமனாகவும் வந்தார்.

இரண்டாவதைத்தான் நான் முதலில் பார்த்தேன். அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. அப்பாவுக்குக் காரைக்காலில் வேலை என்பதால் பள்ளிக்கூடம் அங்கே, பிரெஞ்சில். விடுமுறைக்கு அம்மா பிறந்த ஊரான புதுக்கோட்டைக்கு வருவோம். தாய்மாமா என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். மாமா தீவிர சின்னப்பா கட்சி. அந்தக் காலத்தில் பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்ததை நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர்கள் சண்டையெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

படம் ஆரம்பித்ததிலிருந்து மாமா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். "கத்தி பிடிக்கிறதைப் பாரு மாப்ளே, எங்க சின்னப்பா சிலம்பம் ஆடுன கை. அந்த வீச்சு இதுல எங்க இருக்கு?" என்றார். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து முறைத்தார். ராஜமாதாவாகக் கண்ணாம்பா வந்ததும் மாமா பேச்சை நிறுத்திவிட்டார். 1942இல் 'கண்ணகி'யில் சின்னப்பாவுக்குக் கண்ணகியாக நின்ற அதே கண்ணாம்பா. அதற்கப்புறம் இடைவேளை வரை மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போது, சைக்கிளை மிதித்தபடியே, "பய நல்லாத்தான் செய்யிறான்" என்றார். விக்கிரமனாக சிவாஜி நடந்த நடையைச் சொன்னார் என்று பிற்பாடு புரிந்தது.

காரைக்காலில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் அலெக்சாந்தர் துய்மாவின் கதைகளைச் சிறுவர்களுக்காகச் சுருக்கிய புத்தகங்களை இரவல் தருவார். இங்கிலீஷ் படித்தவர்கள் டூமாஸ் என்பார்கள். வாத்தியார் காதில் விழுந்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். அதில் ஒரு புத்தகத்தைப் பாதி படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராஜாவுக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒருவன் அரண்மனையில், ஒருவன் மறைவில், பிறகு இரும்பு முகமூடி. இது நம்ம உத்தம புத்திரன் கதையாயிற்றே! பதினான்காம் லூயி காலத்தில் உண்மையிலேயே ஒரு கைதி இருந்தான். முகத்தை மூடியே வைத்திருந்தார்கள். 1703இல் பஸ்திய் சிறையில் செத்தான். அவன் யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. முகமூடிகூட இரும்பு இல்லை, கறுப்பு வெல்வெட் துணி. வோல்தேர்தான் அதை இரும்பாக்கியவர், கைதி ராஜாவின் சகோதரன் என்று கிளப்பிவிட்டவரும் அவரே. அதை எடுத்துத்தான் துய்மா 1847 முதல் 1850 வரை பத்திரிகையில் தொடர்கதையாக எழுதினார். அவரும் தனியாக எழுதவில்லை. ஒகுஸ்த் மக்கே என்பவர் கூட உட்கார்ந்து எழுதினார், பிறகு வழக்குப் போடுகிற அளவுக்குப் போனது.

புத்தகத்தின் முடிவு எனக்குப் பெரிய அதிர்ச்சி. துய்மா கதையில் நல்ல தம்பி ஜெயிப்பதில்லை. ஒரு ராத்திரி சிம்மாசனத்துக்கு வருகிறான், மறுநாளே பிடிபடுகிறான், மிச்ச காலம் முகமூடிக்குள். அடுத்த விடுமுறையில் மாமாவிடம் இதைச் சொல்லி அழாத குறை. அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "வெள்ளைக்காரன் தப்பா எழுதிட்டான் மாப்ளே. நம்மாளுக திருத்திட்டாங்க" என்றார்.

உண்மையில் திருத்தியது நம்மாட்கள் மட்டும் இல்லை. 1929இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த படத்தில் ராஜா நல்லவன், மறைந்து வளர்ந்தவன் கெட்டவன். 1939இல் ஜேம்ஸ் வேல் எடுத்த படத்தில் மறைந்து வளர்ந்தவன் நல்லவன், கடைசியில் அவனே அரசன். 1940இல் சேலத்தில் எடுத்தது அந்தக் கதைப் போக்கில்தான். ஆக, தலைமையாசிரியர் சாமி சிலை என்கிறாரே, அந்தச் சிலை எது? சிவாஜிக்கு முன்னால் சின்னப்பா, அதற்கு முன்னால் ஹாலிவுட், அதற்கு முன்னால் துய்மா, வோல்தேர். எல்லாருக்கும் முன்னால் பெயர் தெரியாத ஒரு கைதி.

1957 வாக்கில் எம்.ஜி.ஆரும் இதே பெயரில் படம் எடுப்பதாக அறிவித்திருந்தார், இரண்டு விளம்பரமும் ஒன்றாகப் பத்திரிகையில் வந்தன, கலைவாணர் என்.எஸ்.கே. இடையில் பேச, எம்.ஜி.ஆர். விட்டுக்கொடுத்தார் என்பார்கள். அவர் 'நாடோடி மன்ன'னுக்குப் போனார். அதுவும் ஒரே சாயலில் இருவர் கதை, இங்கிலீஷ் நாவலான 'செண்டா கைதி'யைத் தழுவியது. அது 1958 ஆகஸ்டில் வந்து சக்கைப்போடு போட்டது நாம் அறிந்ததே. சின்னப்பாவின் ஒரு படத்தைத் திரும்ப எடுக்க இரண்டு பேர் போட்டி போட்டதில் நமக்கு இரண்டு படங்கள் கிடைத்தன.

சின்னப்பா வந்த நாடக மேடையிலும் இதுதான் வழக்கம். சங்கரதாஸ் சுவாமிகளின் கோவலனையும் பவளக்கொடியையும் எத்தனை கம்பெனிகள் ஆடின! கதை தெரியாமல் யாரும் போகவில்லை. இந்த ராஜபார்ட் எப்படிப் பாடுகிறார் என்று கேட்கப் போனார்கள். நம் மாவட்டத்துக் கோயில் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' நாடகத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சனமும் அப்படித்தான். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சின்னப்பா கற்றதே, முன்னால் ஒருவர் ஆடிய வேஷத்தைத் தான் ஆடுவதுதான்.

அவருடைய 'ஜகதலப்பிரதாப'னை (1944) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே காட்சியில் ஐந்து சின்னப்பாக்கள். பாடுபவரும் அவரே, பக்கவாத்தியங்களும் அவரே. கணினி இல்லாத காலம். லென்ஸின் ஒரு பகுதியை மறைத்துப் படம் பிடித்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறைத்த பகுதியைத் திறந்து மறுபடியும் பிடிக்கிற வித்தை. ஓர் இழை தவறினால் எல்லாம் பாழ். 1961இல் தெலுங்கு 'ஜகதேக வீருனி கத'யில் என்.டி.ராமராவ் ஐந்து பேராக உட்கார்ந்து பாடினார். 1965இல் 'திருவிளையாட'லில் சிவபெருமானாக சிவாஜி பாட்டும் பக்கவாத்தியமுமாகப் பல உருவில் வந்தார். கைதட்டாதவர் உண்டா? நானும் தட்டினேன். அப்போது எனக்கு 1944 படம் தெரியாது.

எனக்கு உறுத்துவது இதுதான். திரும்ப எடுத்ததில் குற்றமில்லை. எடுத்த பிறகு முதலாவதை மறந்துபோனதுதான் குற்றம். நாடகம் என்றால் ஆடி முடிந்ததும் காற்றோடு போயிற்று, அதனால் மறுபடி ஆடித்தான் ஆக வேண்டும். சினிமா அப்படி இல்லை, பிரதி இருக்கிறது. அந்தப் பிரதியை நாம் எப்படி வைத்துக்கொண்டோம்? நம் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இன்று ஒரு சுருள்கூட இல்லை. அக்காலப் பிலிம் நைட்ரேட் சமாச்சாரம். சும்மா வைத்தாலே கெடும், சூடு பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். ஓடி முடிந்த படத்தை உரசி வெள்ளி எடுக்க விற்பதும் உலகம் முழுக்க நடந்தது. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964இல்தான். அதற்குள் எத்தனையோ போய்விட்டன.

அலுவலகத்தில் கோப்பு முடிந்தால் ஒரு முத்திரை போடுவோம். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டியது. எல்.டிஸ். என்றால் ஓராண்டில் அழிக்கலாம். முப்பது வருடத்துக்கு மேல் இதைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சின்னப்பாவின் படங்களுக்கு யாரோ எல்.டிஸ். போட்டுவிட்டார்கள். நகல் எடுத்ததும் அசலைக் கிழித்துப் போடுகிற குமாஸ்தாவை எந்தத் தாசில்தாரும் ஒருநாள்கூட வைத்திருக்க மாட்டார்.

2010இல் 'உத்தமபுத்திரன்' என்று தனுஷ் படம் ஒன்று வந்தது. 'ரெடி' என்ற தெலுங்குப் படத்தின் மறு ஆக்கம். துய்மாவும் இல்லை, இரட்டையரும் இல்லை, பெயர் மட்டும் நம்முடையது. படம் நன்றாகச் சிரிக்க வைத்தது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் பேரனிடம் உத்தம புத்திரன் என்றால் தனுஷ் என்கிறான். சிவாஜி என்றால், "அப்படி வேற ஒண்ணு இருக்கா தாத்தா?" என்கிறான். சின்னப்பா வரை நான் போகவே இல்லை. கதையைத் திரும்ப எடுப்பவன் பழையதற்கு ஒரு கும்பிடாவது போடுகிறான். பெயரை மட்டும் எடுப்பவன் பழையதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். தலைமையாசிரியருக்குக் கோபம் வர வேண்டியது இதற்குத்தான்.

பழையதை அப்படியே துலக்கிக் காட்டினால் பார்ப்பார்களா என்று கேட்கலாம். 2012இல் பந்துலுவின் 'கர்ண'னை (1964) டிஜிட்டலில் சுத்தம் செய்து வெளியிட்டார்கள். சென்னையில் நூறு நாளைத் தாண்டியது. நாங்கள் நாலு பேர் திருச்சிக்கு பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தோம். கொட்டகையில் பாதிப் பேர் இருபது வயதுப் பிள்ளைகள். நாலு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம், நாலு பேரும் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டோம்.

சின்னப்பா 1951 செப்டம்பர் 23 அன்று இதே ஊரில் இறந்தார். வயது முப்பத்தைந்து. ராத்திரி 'மணமகள்' படம் பார்த்துவிட்டு வீடு திரும்பி, பேசிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தார் என்று பெரியவர்கள் சொல்லக் கேள்வி. மேற்கொண்டு வீடு வாங்கக் கூடாது என்று மகாராஜாவே தடுக்கிற அளவுக்கு ஊரில் வீடுகளை வாங்கிப் போட்டவர் என்றும் சொல்வார்கள். 'சுதர்சன்' அவர் போன பிறகுதான் வெளிவந்தது.

1940 உத்தம புத்திரனை முழுப் படமாக நான் இன்றுவரை பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமா சொன்னதுதான்: இரண்டு சின்னப்பாவும் எதிரெதிரே நின்றபோது, பின்னால் இருந்த ஒரு கிழவி எழுந்து "அடிக்காதீங்கடா, ஒரு வயித்துப் பிள்ளைகடா" என்று கத்தினாளாம். மாமாவும் போய் இருபது வருடம் ஆகிறது. உங்கள் வீட்டில் தொண்ணூறைத் தாண்டியவர்கள் யாராவது அந்தப் படத்தைப் பார்த்திருந்தால், எந்தக் கொட்டகை, தரை டிக்கெட் எவ்வளவு, சின்னப்பா முதலில் எப்படி வந்தார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். சாயங்காலம் கேட்பதைவிடக் காலையில் கேளுங்கள், அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் தெளிவாக இருக்கும்.