தகரக் கூரையும் செங்குத்து ஆண்டெனாவும்

ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்கள் கூரை மேல் நட்டிருக்கும் ஒற்றைக் கம்பியைப் பார்த்தால், அதுதான் முழு ஆண்டெனா என்று தோன்றும். உண்மையில் அது பாதிதான்! மீதிப் பாதி அதன் காலடியில் இருக்கிறது. இது அளவெடுத்து நிரூபிக்கப்பட 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1880களின் இறுதியில் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை உண்டாக்கிக் காட்டினார். அவருடைய கருவியில் இருபுறமும் சமமாக நீண்ட இரண்டு கைகள் இருந்தன. 1895-ல் இத்தாலியில் போலோன்யா நகரத்துக்கு அருகே, 21 வயது மார்க்கோனி இதில் ஒரு மாற்றம் செய்தார். ஒரு கையை உயரத் தூக்கினார். மறு கையை மண்ணோடு இணைத்தார். சில நூறு மீட்டரில் நின்றுபோன சமிக்ஞை, குன்றைத் தாண்டி ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சென்றது. பூமியே ஆண்டெனாவின் மறுபாதி ஆகிவிட்டது.

ஆனால் எல்லோருக்கும் நினைவில் நின்றது உயரம்தான். 1901-ல் இங்கிலாந்தின் போல்டு என்ற இடத்தில் மார்க்கோனி நிறுவிய 20 கம்பங்களும் செப்டம்பர் மாதப் புயலில் சாய்ந்தன. டிசம்பரில் நியூஃபவுண்ட்லாந்தில் பட்டத்தில் கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டார். அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சமிக்ஞையைக் கேட்டதாக அறிவித்தார்.

காலடியை அளந்து பார்த்தவர் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனப் பொறியாளர் ஜார்ஜ் பிரவுன். கம்பியில் ஏறும் மின்னோட்டத்துக்கு ஈடானது தரை வழியாகத் திரும்ப வேண்டும். கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருப்பது போலத்தான் இது. மண் நல்ல கடத்தி அல்ல. அதனால் சக்தியில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. ஆண்டெனாவைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட செப்புக் கம்பிகளைப் புதைத்தால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும் என்று பிரவுனும் அவருடைய சகாக்களும் 1937-ல் காட்டினார்கள்.

உயரமான கட்டடத்தின் உச்சியில் மண்ணுக்கு எங்கே போவது? அதற்கும் பிரவுன் வழி கண்டார். செங்குத்துக் கம்பியின் அடியில் சில குச்சிகளைக் கிடையாக நீட்டி, ஒரு செயற்கைத் தரையை உண்டாக்கினார். இரண்டு குச்சிகளே போதுமாம். ஆனால் அது எல்லாத் திசையிலும் ஒலிபரப்பும் என்று வாங்குபவர்கள் நம்பமாட்டார்கள் என்பதால் நான்கு வைத்ததாகச் சொல்வார்கள்!

தகரக் கூரை என்பது இந்தக் குச்சிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகச் சேர்ந்தது போன்றது. ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. கம்பி கூரையைத் தொடாமல் நிற்க வேண்டும். கேபிளின் வெளிப்பின்னலைக் கூரையோடு இணைக்க வேண்டும். பெயின்ட்டும் துருவும் தகடுகளுக்கு இடையே மின்னோட்டத்தைத் தடுக்கும் என்பதால் தகடுகளைச் சுரண்டி ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். கம்பியைச் சுற்றிக் கால் அலைநீளம் அளவுக்காவது கூரை பரந்திருந்தால் நல்லது. 145 மெகாஹெர்ட்ஸில் இது அரை மீட்டர்தான். 14 மெகாஹெர்ட்ஸில் சுமார் 5 மீட்டர்.

ஒன்றை மறக்கக்கூடாது. ரேடியோ அலைக்குக் கூரை தரையாகலாம், மின்னலுக்கு ஆகாது. அதற்கு உண்மையான மண்ணில் இறங்கும் எர்த் கம்பி வேண்டும்.