பாலாற்றங்கரைக் கிணறுகளும் தோல் பதனிடும் தொழிலும்

பாலாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் ஆறு வறண்டதாக அர்த்தமில்லை. மணலுக்கு அடியில் ஊற்று ஓடிக் கொண்டிருக்கும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்துக் கிணறுகள் நம்பியிருந்தது இந்த ஊற்றைத்தான். தோல் பதனிடும் தொழிலும் இதே தண்ணீரை நம்பித்தான் இங்கே வளர்ந்தது.

அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் தோலை ஊற வைப்பார்கள். 1973க்குப் பிறகு மத்திய அரசு கச்சாத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பாதி பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு போட்டது. முழுதாகப் பதனிட்டு விற்றால் அந்நியச் செலாவணி அதிகம் வரும் என்பது கணக்கு. வணிகவியல்படி சரியான கணக்குதான்! அதோடு குரோமியப் பதனிடல் பரவியது. வாரக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடிந்தது.

கழிவுநீர் ஓடையிலும் ஆற்று மணலிலும் விடப்பட்டது. மணலில் விட்டது எங்கே போகும்? நேராக ஊற்றுக்குத்தான். எல்லோரும் குரோமியத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் கிணற்றை முதலில் கெடுத்தது சாதாரண உப்பு. தோல் அழுகாமல் இருக்கப் போடும் உப்பு, ஊற வைக்கும்போது கரைந்து வெளியேறும். குரோமியத்தில் பெரும்பகுதி சேற்றோடு படிந்துவிடும், உப்பு படியாது. பின்னாளில் வந்த பொது சுத்திகரிப்பு நிலையங்களாலும் கரைந்த உப்பைப் பிரிக்க முடியவில்லை.

1991ல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதை அது பதிவு செய்தது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற கணக்கெடுப்பும் அதில் உண்டு. நாட்டின் தோல் ஏற்றுமதியில் ஏறக்குறைய 80 சதவீதம் தமிழ்நாட்டுடையது என்பதையும் நீதிமன்றம் மறக்கவில்லை. இருந்தாலும் மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்ட வேண்டும், தன் தொழிலால் கேடில்லை என்பதை முதலாளியே நிரூபிக்க வேண்டும் என்றது. அதுவரை விவசாயியின் கிணறு எந்தக் கம்பெனியின் செலவுக் கணக்கிலும் ஏறியதில்லை. இதுதான் தீர்ப்பின் பெரிய விஷயம்.

ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். ஏற்றுமதி லாபத்தோடு ஒப்பிட்டால் சில்லறைதான். தனி ஆணையம் அமைத்து, 2001ல் இழப்பீட்டையும் நிர்ணயித்தார்கள். ஆனால் கழிவு நிற்கவில்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றிலேயே இறந்தார்கள்.

2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசே முதலில் கொடுத்துவிட்டு, பிறகு தொழிற்சாலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்பது அதில் ஒரு உத்தரவு. முதல் மனு போட்டு அப்போது 34 வருடம் ஆகியிருந்தது.