ஒரு கையும் ஒரு ஜன்னலும்



முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டோடு கிடக்கிறேன் என்று கேள்விப்பட்டுப் பலரும் போன் செய்தீர்கள். நன்றி. பழைய மாணவர் ஒருவர், "இனிமே கேமராவைத் தூக்கிக்கிட்டு எங்க சார் போகப் போறீங்க?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்போது நினைவுக்கு வந்தவர் யோசெப் சூடெக். முதல் உலகப் போரை உங்களுக்கு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். இவரைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. என் தவறுதான்.

1896-இல் இன்றைய செக் நாட்டின் கோலின் என்ற ஊரில் பிறந்தவர். புத்தக பைண்டிங் தொழில் கற்றவர். ஆஸ்திரிய-ஹங்கேரிப் படையில் சேர்த்து இத்தாலியப் போர்முனைக்கு அனுப்பினார்கள். அங்கே காயம்பட்டு, வலது கையையே எடுக்க வேண்டியதாயிற்று. ஒற்றைக் கையால் பைண்டிங் செய்ய முடியுமா? புகைப்படத் தொழிலுக்கு வந்தார். தன்னைப் போல் போரில் ஊனமுற்ற வீரர்களை அவர்கள் இருந்த இல்லத்திலேயே படம் எடுத்தார்.

1926-இல் இசைக்குழு நண்பர்களோடு இத்தாலி போனவர், கச்சேரி நடக்கும்போதே எழுந்து போய்விட்டார். எங்கே? கையை இழந்த வயலைத் தேடித்தான். இடத்தைக் கண்டுபிடித்தார். கை கிடைக்குமா என்ன! இரண்டு மாதம் கழித்து பிராகா திரும்பியவர், அதன்பின் அப்படித் தூரப் பயணம் போகவே இல்லை.

1939 மார்ச்சில் ஹிட்லரின் படை பிராகாவுக்குள் நுழைந்தது. பெரிய கேமராவோடு தெருவில் நிற்பதே ஆபத்து என்ற நிலை. சூடெக் 1940-இல் தன் ஸ்டூடியோ ஜன்னலைப் படம் எடுக்கத் தொடங்கினார். கொல்லைப்புறத்தில் மரத்தால் கட்டிய சின்ன ஸ்டூடியோ அது. கண்ணாடியில் வழியும் மழைத்துளி, குளிரில் படரும் உறைபனி, வெளியே ஒரு கோணல் மரம், ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு முட்டை. அவ்வளவுதான். போர் முடிந்தது, ஆட்சி மாறியது. அவர் 1954 வரை அதே ஜன்னலை விடவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் போடுவதையும் 1940-இலிருந்து நிறுத்திவிட்டார். நெகட்டிவ் என்ன அளவோ அதே அளவில், காகிதத்தின் மேல் நேராக வைத்து எடுக்கும் காண்டாக்ட் பிரிண்ட் மட்டும்தான். அதனால் படம் பெரிதாக வேண்டுமென்றால் கேமராவும் பெரிதாக வேண்டும். அந்தக் கனத்தை ஒரு கையால் சமாளித்தார்! (செல்போன் கனக்கிறது என்று சொல்லும் என் பேத்தி இதைப் படிக்க வேண்டும்.)

நம் ஊரில் உறைபனிக்கு எங்கே போவது? நேற்று ராத்திரி மழை. காலையில் ஜன்னல் கம்பியில் வரிசையாகத் துளிகள். பின்னால் வேப்பமரம் மங்கலாகத் தெரிந்தது. வீட்டுக்காரம்மா காபி டம்ளரை விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். அதை எடுத்துக் குடிக்காமல் படம் எடுத்தேன். காபி ஆறிவிட்டது, திட்டும் கிடைத்தது.

அந்தப் படத்தைத்தான் கீழே போட்டிருக்கிறேன். வாக்கர் இல்லாமல் நின்று எடுத்ததால் கொஞ்சம் ஆடியிருக்கும். நாளைக்கு மறுபடியும் எடுப்பேன்.