ஷாரா ஜியென்குலோவா

ஷாரா ஜியென்குலோவா (1912–1991) கசாக் மேடை நடனத்தை வேரூன்றச் செய்த முன்னோடி. இன்று அல்மாத்தி எனப்படும் ஊரில் பிறந்தார். அப்போது அதன் பெயர் வெர்னி.

கசாக்கியருக்கு நடனமே கிடையாது என்று எழுதியவர்கள் உண்டு. அது மிகை. புல்வெளி மக்களின் விருந்துகளிலும் திருமணங்களிலும் ஆட்டம் இருந்தது. ‘காரா ஜோர்கா’ என்றால் கறுப்புக் குதிரை. அதன் சீரான நடையை ஆடுபவர் தோளைக் குலுக்கிக் காட்டுவார். ‘கொயான் புர்கித்’தில் ஒருவர் கழுகு, மற்றவர் முயல். ‘ஒர்மெக் பி’ நெசவு வேலையை அபிநயிப்பது. ஆனால் இவையெல்லாம் கூடியிருப்போர் நடுவே, ஆடுபவரின் மனம்போல நீண்டும் குறுகியும் நடந்தவை. ஒரு பக்கமாக உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்துக்கென, தொடக்கமும் முடிவும் வரையறுத்த நடனம்தான் இல்லை. அதை உண்டாக்கியவர்களில் ஷாராவே முதன்மையானவர்.

அவர் நடிகையாகத்தான் அரங்குக்குள் வந்தார். 1934 ஜனவரியில் அல்மாத்தியின் இசை நாடக அரங்கு, முக்தார் அவுயெசோவின் ‘அய்மான் ஷொல்பான்’ நாடகத்தோடு திறக்கப்பட்டது. அதில் ஷாரா ஆடினார். நடனங்களை அமைத்தவர் அலி அர்டோபஸ். 1936 மே மாதம் மாஸ்கோவில் நடந்த கசாக் கலை விழாவில் ‘கிஸ் ஜிபெக்’ இசை நாடகத்திலும் அவர் ஆட்டம் இடம்பெற்றது.

பிறகு ஜம்பில் பெயர் தாங்கிய இசைக் கழகத்தின் கச்சேரிகளில் தனி நடனக் கலைஞராக நெடுங்காலம் ஆடினார். பல இனத்தாரின் நடனங்களும் அவர் நிகழ்ச்சிகளில் உண்டு. என்றாலும் பேர் வாங்கித் தந்தவை ‘அய்ஜான் கிஸ்’, ‘தத்திம்பெத்’ போன்ற கசாக் நடனங்களே. இரண்டு நரம்பு தொம்பிராவில் வாசிக்கும் ‘குய்’ என்னும் இசைக்கு, அதுவரை பெரும்பாலும் காதால் மட்டுமே ரசிக்கப்பட்டதற்கு, உடல்வடிவம் கொடுத்தது இந்த நடன மரபு. கையும் தோளும் முகமும் பேசுகின்றன, துள்ளல் குறைவு. நடிப்பிலிருந்து வந்தவர் என்பது அங்கே தெரிகிறது. சோவியத் காலத்து மேடை ரசனை இந்நடனங்களைச் சற்று மெருகேற்றி மென்மையாக்கியதையும் மறுப்பதற்கில்லை.

1966இல் கசாக் சோவியத் குடியரசின் மக்கள் கலைஞர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு தொடங்கி 1975 வரை அல்மாத்தி நடனப் பள்ளியின் இயக்குநராக இருந்தார். ‘அய்மான் ஷொல்பான்’ அரங்கேறிய அதே 1934இல் தொடங்கப்பட்ட பள்ளி அது.