ஏரிக்குள் நட்ட காடு

மணிமங்கலம் ஏரியில் பொறுக்கிய சுள்ளியில்தான் அம்மா எங்களுக்குக் கஞ்சி காய்ச்சினாள். 1981இல் சுவீடன் பணத்தோடு தமிழகத்துக்குச் சமூகக்காடு வந்தது. ஏரிகளுக்குள் கருவேலங்கன்று நட்டார்கள். மரம் பெருத்ததும் ஏலம். பணத்தில் பஞ்சாயத்துக்குப் பங்கு. பஞ்சாயத்து யாருது? ஊர்த்தெருவுது. சேரிக்குச் சுள்ளியும் போச்சு. "எவன் ஊட்டு மரம்டி இது?" என்று ஒருத்தன் அம்மா கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டான்.

1988 வனக்கொள்கை, ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளைக் கொண்டு வளர்த்துக்கொள்ளட்டும் என்றது. 1990 சுற்றறிக்கை கூட்டு வன மேலாண்மைக்கு வழி திறந்தது. 1997இல் ஜப்பான் கடனில் கிராம வனக்குழுக்கள். எல்லாம் சரி. நிலமுள்ளவன்தானே விவசாயி? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையால் 1892இல் கிடைத்த பஞ்சமி நிலத்தையே பறிகொடுத்தவர்களோடு எந்த ஆலை ஒப்பந்தம் போடும்?

அம்மாவின் கத்தி திரும்பி வரவில்லை.